டோக்கன் போடாமல் போகிறவர்

மாப்பிள்ளை விசாரிப்பதில் ஜானகிராமனை அடித்துக்கொள்ள அந்தச் சொந்தபந்தத்தில் ஆள் கிடையாது. மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் எந்தத் தெருவில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரியும், அந்தக் கம்பத்துக்கு எதிர்வீட்டில் யாரோடு யார் பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியும். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், "ஜானகிராமன்கிட்ட சொல்லி ஒரு வார்த்த விசாரிக்கச் சொல்லுங்க" என்பார்கள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பையன் வீட்டுத் தெருமுனை டீக்கடை. அடுத்து இஸ்திரி போடுகிறவர். பிறகு எதிர்வீடு, பக்கத்து வீடு, வேலை பார்க்கிற இடம். பையனோடு சண்டை போட்டவர் யாராவது இருந்தால் அவரையும் தேடிப் பிடித்துப் பேசுவார். எல்லாரும் சொன்னதை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துவிட்டு "செய்யலாம்" என்பார், இல்லாவிட்டால் "வேணாம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஏன் எதற்கு என்று குடைந்தால் கோபம் வந்துவிடும்.

ஊருக்கெல்லாம் விசாரித்தவர் சொந்த மகளுக்கு விசாரிக்காமல் இருப்பாரா? மூத்தவள் சிவசங்கரிக்குத் தட்டாஞ்சாவடியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்த ஒரு பையன் வந்தான். டீக்கடையில் நல்லவன் என்றார்கள். இஸ்திரிக்காரர் தங்கம் என்றார். எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், லேசில் யாரையும் மெச்சாதவர். அவரே "இருக்கிற எடம் தெரியாத பையன்" என்று சொல்லிவிட்டார். சண்டை போட்டவரைத் தேடினால் அப்படி ஓர் ஆளே அகப்படவில்லை. ஜானகிராமன் "செய்யலாம்" என்றார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் சிவசங்கரி ஒரு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதன்பிறகு அவள் திரும்பிப் போகவில்லை.

அன்றோடு ஜானகிராமன் விசாரிப்பை விட்டார். தேடி வந்தவர்களிடம் முழங்கால் வலி என்றார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. மனிதருக்குப் பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது இளையவள் பூர்ணிமாவுக்கு ஒரு வரன். கொண்டுவந்தவர் மைத்துனர் இராமதாஸ். பையன் ஹரிகிருஷ்ணன், காலாப்பட்டுக்காரன், அப்பா இல்லை. பையனின் அம்மாவும் சித்தியும் போன வாரம் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் பெண்பிள்ளைகள் வந்து பார்ப்பது, சரிப்பட்டால் பிறகு பையன் வருவது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பூர்ணிமாவோ போட்டோவைப் பார்த்துவிட்டு, "அப்பா சொன்னா சரி" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து ஜானகிராமன் அந்தப் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்தார். சாதம் இறங்கவில்லை.

"பையனுக்கு என்னா வேல?" என்று இராமதாஸிடம் கேட்டார்.

"ஆராய்ச்சி மாமா."

"ராக்கெட்டா?"

"ஜனங்களப் பத்தி ஆராய்ச்சி. அவங்க என்னா பண்றாங்கன்னு பாக்கணும். ஏன் பண்றாங்கன்னு கேக்கணும். எழுதணும்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அதுக்குச் சம்பளம் தராங்களா?"

"மாசாமாசம் தராங்க மாமா."

இதே வேலையைத்தானே இத்தனை வருஷமும் ஓசியில் செய்துகொண்டிருந்தோம் என்று ஜானகிராமனுக்குச் சுருக்கென்றது. ஆனால் வெளியே சொல்லவில்லை.

இராமதாஸ் சொன்னபடி பையன் அப்போது ஓர் அரசு சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். எந்த ஊர் நிலையம் என்பது இங்கே வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். வைத்தியத்துக்கு என்று வருகிறவர்களில் சிலபேர் வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, டாக்டரைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஏன் போகிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஹரிகிருஷ்ணனை அனுப்பியிருந்தார்கள். காரணம் தெரிந்தால் அதற்கேற்ப ஏற்பாடுகளை மாற்றலாம் என்பது யோசனை.

ஜானகிராமன் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்டுக் கெட்டது போதும். இந்தத் தடவை யாரையும் கேட்பதில்லை, கண்ணால் பார்த்துவிடுவது. திங்கட்கிழமை காலையில் பாக்கியலட்சுமியிடம், "முழங்காலக் காட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

"அதான் நல்லாருக்குதே," என்றாள் மனைவி. அதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

நிலையத்துக் கூடத்தின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஹரிகிருஷ்ணன். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தான். ஜானகிராமன் டோக்கன் போடாமல் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கலானார். பையன் சிகரெட் பிடிக்கிறானா? இல்லை. போனை நோண்டுகிறானா? இல்லை. பொம்பளைகளைப் பார்க்கிறானா? அங்கேதான் சிக்கல். அவன் பொம்பளைகளையும் பார்த்தான், ஆம்பளைகளையும் பார்த்தான், கைக்குழந்தையைப் பார்த்தான், வாசலில் படுத்திருந்த நாயைக்கூடக் கொஞ்சநேரம் பார்த்தான். வேலையே பார்ப்பதுதான் என்று ஆகிவிட்ட ஒருவனை இந்த விஷயத்தில் எப்படிச் சோதிப்பது என்று ஜானகிராமனுக்கு விளங்கவில்லை.

நடுநடுவே யாராவது அவனிடம் போய், "டாக்டர் வந்துட்டாரா சார்?" என்பார்கள்.

"நான் இங்க வேல செய்யறவன் இல்லம்மா. சும்மா பாக்கறவன்," என்பான்.

அதைக் கேட்டதும் அவர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்து போவார்கள்.

செவ்வாயும் போனார். பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. புதன்கிழமை பழக்கதோஷம் தாங்கவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த மஜீத் பாய் டீக்கடைக்குப் போய், ஒரு டீ சொல்லிவிட்டு, "உள்ள மூலையில ஒரு தம்பி உக்காந்திருக்குதே, எப்படி?" என்று ஆரம்பித்தார்.

மஜீத் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அந்தத் தம்பியப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன் சார்."

ஜானகிராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் பாய், எதுனா தப்பு தண்டாவா?"

"தப்பும் இல்ல, தண்டாவும் இல்ல. போன வாரம் என்னை உக்கார வச்சு ரொம்ப நேரம் கேட்டுச்சு. நீங்க சொல்றது எதையும் வெளிய விட மாட்டேன், ரகசியமா வச்சிருப்பேன்னு வாக்கு குடுத்துச்சு. அது என் ரகசியத்தக் காப்பாத்தறப்ப, அதோட ரகசியத்த நான் வெளிய விடலாமா?"

"அந்தத் தம்பிக்கு என்னா ரகசியம்?"

"எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

இஸ்திரிக்காரரும் அதையே சொன்னார். பூக்காரம்மா, "எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்குது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையன் அந்தத் தெருவையே விசாரித்து முடித்து, வாயைக் கட்டிப்போட்டு வைத்திருந்தான். ஜானகிராமனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு தெருவில் ஒருத்தர்தானே விசாரிக்க முடியும்?

வியாழக்கிழமை. மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். வழக்கம்போல உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது, ஹரிகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நேரே இவரிடம் வந்தான்.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? இந்த வாரம் பூரா வரீங்க. டோக்கன் போடாமயே போயிடறீங்க. உங்கள மாதிரி ஒருத்தரத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்."

இவரையா? ஜானகிராமன் வாசலைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்றும் இருந்தது, கிட்டத்தில் பார்க்க இதைவிடத் தோது கிடைக்காது என்றும் இருந்தது. கூடவே போனார். ஊசி போடுகிற அறைக்குப் பக்கத்தில் ஃபேன் இல்லாத ஒரு சின்ன அறை. இரண்டு ஸ்டூல்.

"நீங்க பேசறத இந்தப் போன்ல பதிவு பண்ணிக்கிறேன். உங்க பேர் வேணாம். எங்கயும் எழுத மாட்டோம். பதில் சொல்லப் பிரியம் இல்லன்னா சொல்ல வேணாம். நடுவுல எழுந்து போவணும்னாலும் போவலாம். சம்மதமா ஐயா?"

பேரே கேட்காமல் ஒருவன் விசாரிப்பதை ஜானகிராமன் அன்றுதான் கண்டார். "சம்மதம்" என்றார்.

"காலையில இங்க கெளம்பறப்போ என்னா நெனச்சிட்டுக் கெளம்பறீங்க?"

"முழங்கால் வலி."

"சரிங்க."

"அதான். டாக்டரப் பாக்கலாம்னு."

"இங்க வந்து உக்காந்ததுக்கு அப்புறம்?"

"உக்காந்ததும், வேணாம்னு தோணிடும்."

"எதனால அப்படித் தோணுது?"

இதற்கு ஜானகிராமனிடம் பொய் தயாராக இல்லை. பேசாமல் இருந்தார். பையனும் பேசாமல் இருந்தான். இது அவருக்குப் பழக்கமில்லாத சங்கதி. அவர் விசாரிக்கும்போது எதிராளி ஒரு நொடி தயங்கினால் போதும், "தங்கமான பையனாமே?" என்று எடுத்துக்கொடுத்துவிடுவார். எதிராளியும் "ஆமாமா, தங்கம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இந்தப் பையன் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, அவசரம் ஒன்றும் இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தான். வெளியே யாரோ இருமினார்கள். பக்கத்து அறையில் ஒரு குழந்தை ஊசிக்கு அழுது ஓய்ந்தது.

"பயம் தம்பி," என்றார் ஜானகிராமன். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

"ம்."

"தப்பா முடிவு பண்ணிடுவனோன்னு பயம்."

"கொஞ்சம் வெவரமா சொல்றீங்களா?"

சொன்னார். முழங்காலில் ஆரம்பித்து எப்படியோ சிவசங்கரியிடம் போய்விட்டார். டீக்கடை, இஸ்திரிக்காரர், சொல்தா என்று ஒருவர் விடாமல் சொன்னார். ஆட்டோவில் வந்து இறங்கியதைச் சொன்னார். அந்த மணிக்கட்டைச் சொல்லும்போது தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். "எல்லாரையும் கேட்டேன் தம்பி. ஒருத்தர் பாக்கி இல்ல. எல்லாரும் நல்லவன்னுதான் சொன்னாங்க. நான் எதுல கோட்ட விட்டன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல."

ஹரிகிருஷ்ணன் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. தலையை ஆட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்: "உங்க பொண்ணு என்னா சொன்னாங்க?"

"எதப் பத்தி?"

"அந்தப் பையனப் பத்தி."

அவளை ஜானகிராமன் எங்கே கேட்டார்? கல்யாணத்துக்கு முன்னும் கேட்கவில்லை. ஆட்டோவில் வந்து இறங்கிய பிறகும் கேட்கவில்லை. கேட்டால் வருத்தப்படுவாள் என்று வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

"எழுந்து போவலாம்னு சொன்னீங்கல்ல?" என்றார்.

"போவலாம் ஐயா."

கதவு வரை போனவர் நின்றார். இத்தனையும் பேசிவிட்டுச் சொல்லாமல் போவது நியாயமாகப் படவில்லை. "தம்பி, நான் பூர்ணிமாவோட அப்பா."

ஹரிகிருஷ்ணன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். "அப்போ முழங்கால் வலி?"

"இல்ல."

"டாக்டரப் பாக்க வரவே இல்லியா?"

"உங்களப் பாக்க வந்தேன்."

பையனின் முகம் விழுந்துவிட்டது. "இந்தப் பேட்டிய அழிச்சிடறேன் சார். நோயாளி இல்லாதவங்களச் சேத்துக்கக் கூடாது. நீங்கதான் எனக்குக் கெடச்சதுலயே முக்கியமான ஆள்னு நெனச்சேன்." அவர் கண்ணெதிரிலேயே அழித்தான். பிறகு அறைக்கு வெளியே எட்டி, பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த கூட்டத்தை ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்தான். "இதுல இன்னும் எத்தினி பேர் இப்படி வந்திருக்காங்களோ."

ஜானகிராமன் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தார். வருங்கால மாமனார் எதிரில் நிற்கிறார், இந்தப் பிள்ளைக்கு அவன் ஆராய்ச்சிக் கவலை. காலில் விழவில்லை, காபி வாங்கித் தரட்டுமா என்று கேட்கவில்லை. பொறுமையாகக் கேட்கிறான், அது வாஸ்தவம். ஆனால் மூத்த மாப்பிள்ளைகூட இருக்கிற இடம் தெரியாத பையன் என்றுதானே பேர் வாங்கினான்? நாலு நாள் பார்த்தும், நேருக்கு நேர் பேசியும், செய்யலாமா வேண்டாமா என்பது மட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் சிவசங்கரி நேரு வீதித் துணிக்கடை வேலை முடிந்து வந்தாள். முகம் கழுவிக்கொண்டு சமையலறையில் மொச்சை உரிக்க உட்கார்ந்தாள். பாக்கியலட்சுமி அடுப்பண்டை நின்றாள். ஜானகிராமன் வந்து மகள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சங்கரி."

"என்னாப்பா?"

"அந்தப் பையன மொதல்ல பாத்தப்போ, நீ என்னாம்மா நெனச்ச?"

அடுப்பண்டை கரண்டி நின்றது. "இப்ப எதுக்குங்க அதெல்லாம்," என்றாள் பாக்கியலட்சுமி. ஜானகிராமன் கையை உயர்த்தி அவளை அடக்கினார். சிவசங்கரி தலை நிமிரவில்லை. மொச்சை ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. 'நல்லவனாத்தானே தெரிஞ்சான்?' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினார். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் காபி கொண்டாந்து குடுத்தேன்ல," என்றாள் சிவசங்கரி. "அவங்க அம்மா டம்ளரக் கையில வச்சிக்கிட்டு அவனப் பாத்தாங்க. அவன் தலைய ஆட்டினான். அப்புறந்தான் குடிச்சாங்க."

ஜானகிராமனும் அதே கூடத்தில், அந்த அம்மாளுக்கு எதிர் நாற்காலியில்தான் இருந்தார். பட்டறையில் எத்தனை மோட்டார், எத்தனை குதிரைத்திறன் என்று பையனின் மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"என்னான்னு சொல்றது? காபி குடிக்கிறதுக்கு மின்ன மவனப் பாத்தாங்கன்னா? நீங்க ஊரெல்லாம் கேட்டுட்டு வந்து செய்யலாம்னு சொல்லிட்டீங்க. எனக்குத்தான் என்னமோ தப்பாத் தோணுதுன்னு விட்டுட்டேன்." குற்றமாகச் சொல்லவில்லை. உரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஜானகிராமன் அழுதார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தைபோல. பாக்கியலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு அவளும் வந்து உட்கார்ந்தாள்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன வாரம் பூர்ணிமாவப் பாக்க வந்தாங்களே, அந்தம்மா?" என்று கேட்டார்.

சிவசங்கரி கொஞ்சம் யோசித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "காபி குடிக்கறப்போ அவங்க பையன் போன் பண்ணினான். அவங்க எடுக்கல. திரும்ப அடிச்சான். 'அடிக்கட்டும், காபி ஆறிடும்'னு போனக் கவுத்து வச்சிட்டாங்க. குடிச்சு முடிச்சிட்டு இன்னும் கொஞ்சம் இருக்குதான்னு கேட்டாங்க."

பாக்கியலட்சுமி, "ஆமாங்க, ரெண்டாந்தபா நான்தான் ஊத்தினேன்," என்றாள்.

"அப்போ செய்யலாமாம்மா?" என்றார் ஜானகிராமன்.

"என்னையேன்ப்பா கேக்கறீங்க? கட்டிக்கப் போறவ உள்ள இருக்கா."

ஜானகிராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். பூர்ணிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டார். அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். அவரும் நகரவில்லை. நாலைந்து துணி மடிக்கிற வரைக்கும் பார்த்தாள். அப்பா போகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும், கையிலிருந்த தாவணியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அவர்கிட்ட நேர்ல பேசணும்ப்பா. நீங்க யாரும் கூட வராம."

வெள்ளிக்கிழமை பத்து மணி சுமாருக்கு இராமதாஸ் போன் செய்தார். "என்னா மாமா, அவங்க கேக்கறாங்க. செய்யலாமா, வேணாமா?"

"எனக்கு எப்படிடா தெரியும்," என்றார் ஜானகிராமன். "பொண்ணு விசாரிக்கப் போயிருக்குது."